பதினான்காம் அறைக்கு மூன்று நிமிடம்

4 மார்ச் 2025, செவ்வாய்

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு மின்னஞ்சல். பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து. ஜியோலொஜி வகுப்புகள் நடந்த சிவப்புக் கட்டடத்தை ஜூனில் இடிக்கப் போகிறார்களாம். அங்கே படித்தவர்கள் தங்கள் வகுப்பு நினைவுகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பலாம். தெரிவாகும் ஐந்து பேர் பிரியாவிடை நிகழ்வில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். "உங்கள் இனிய நினைவுகளை எங்களோடு பகிருங்கள்."

கீழே பெயர்: யசீகரன், நிகழ்வுக் குழுத் தலைவர்.

நான் பட்டம் வாங்காதவள். எப்போதோ ஒரு பொது விரிவுரைக்குப் பெயர் பதிந்திருந்தேன், அந்தப் பட்டியலில் அகப்பட்டிருக்கிறேன். இது எனக்கும் வந்தது அவனுக்குத் தெரிந்திராது.

சோற்றுப் பெட்டியை மூடினேன். கூட வேலை செய்யும் பூங்கோதை என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

இனிய நினைவுகள்.

6 மார்ச், வியாழன்

அழிக்கப் போனேன். அழிக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

பிரதாபன் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்பா முன்னறையில் வானொலி கேட்கிறார். இன்றைக்கு எல்லாவற்றையும் ஒரு தடவை எழுதிவிட வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் எழுதியதில்லை.

பதினான்காம் அறை இரண்டாம் மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம். நீள மேசைகள், மேசைக்கு நாலு நுணுக்குக்காட்டி. கல்லை மயிரிழை அளவுக்குச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள். வெறும் கண்ணுக்குச் சேற்று நிறம். நுணுக்குக்காட்டிக்குள் வைத்துத் தட்டைத் திருப்பினால் நீலம், ஊதா, ஆரஞ்சு. முதல் நாள் மணி அடித்ததுகூடத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து, கொழும்பு லொட்ஜில் ஒரு வருடம் கிடந்து, கடல் கடந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பிள்ளை நான். இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது என்று அந்த அறையில்தான் முதன்முதல் தோன்றியது.

அந்த வகுப்பில் தமிழர் இரண்டு பேர். நானும் யசீகரனும். அவன் எனக்கு முன்னமே வந்தவன், கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தவன். நான் சொல்லத் தடுமாறும் கேள்விகளை எனக்காகக் கேட்டுத் தந்தவன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் வருடம், 2000. மவுண்ட் வெல்லிங்டன் பழைய கல்லுடைக்கும் குழியில் எரிமலைக் குழம்பு ஓடிய அடுக்குகளை அளந்து, வரைந்து, அறிக்கை எழுத வேண்டும். ஆறு சனிக்கிழமை போனேன். இரண்டு பஸ் மாறி, மழைக்கோட்டோடு. ஒவ்வொரு அடுக்கையும் கையால் வரைந்தேன். யசீகரன் அந்த மாதம் முழுக்க கிரிக்கெட். கடைசி வாரம் வந்து, குறிப்புப் புத்தகத்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை தரச் சொல்லிக் கேட்டான். கொடுத்தேன். திங்கள் திருப்பித் தந்தான், நன்றியும் சொன்னான்.

இரண்டு அறிக்கையும் ஒன்று. படங்கள்கூட ஒன்று. ஒக்டோபரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள், பதினான்காம் அறையிலேயே. அவன் முதலில் பேசினான், தெளிவான ஆங்கிலத்தில். படங்கள் தன்னுடையவை, நான்தான் அவனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன் என்று. நான் சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அந்தப் பாடத்துக்குப் பூச்சியம். ஒரு வருடம் தடை.

வெளியே வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். அவிழாத நூலை.

வீட்டில் அம்மா அழுதார். அப்பா மட்டும் அமைதியாக, "காணும் பிள்ளை, படிச்சது போதும்" என்றார். நான் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் பிறந்ததும் வேலை. இன்றைக்கு ஒரு ஆய்வுகூடத்தில், ஊரார் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் பெயர் ஒட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளர். நுணுக்குக்காட்டி பக்கத்து அறையில் இருக்கிறது. அதைத் தொடுவது என் வேலை இல்லை.

அவன் பெரிய கம்பனி ஒன்றில் நிலம் சோதித்துக் கையெழுத்து வைக்கிறவன். தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவரும் அவன்தான். கோயில் திருவிழாவில் பொன்னாடையும் அவனுக்குத்தான்.

எழுதி முடித்தேன். ஆறவில்லை. இன்னும் எரிகிறது.

14 மார்ச், வெள்ளி

அனுப்பிவிட்டேன். உண்மையை அல்ல. தேன் தடவிய ஒரு பக்கம். பதினான்காம் அறையின் நிறங்கள், சன்னலால் விழும் வெயில், அன்பான விரிவுரையாளர்கள், ஆயுட்கால நட்புகள். "ஆயுட்கால நட்பு" என்று தட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. கணவர் பெயரோடு ராகவி பிரதாபன் என்று போட்டேன். அப்பா பெயரோடு ராகவி ஆனந்தராசா என்று போட்டிருந்தால் அவன் சுதாரித்திருப்பான்.

ஒலிவாங்கி கைக்கு வரட்டும். அதன்பிறகு பார்ப்போம்.

25 மார்ச், செவ்வாய்

தெரிவாகிவிட்டேன். ஏப்ரல் பன்னிரண்டு, சனி, பிற்பகல் இரண்டு மணி. அதே பதினான்காம் அறை.

பூங்கோதையிடம் சொன்னேன். மூன்று வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கிறவள், மதுரைக்காரி. வேண்டாம் என்று தடுப்பாள் என நினைத்திருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டாள். "மூணு நிமிஷம் மைக் கையில குடுக்குறாங்கக்கா. சும்மா விட்டுட்டு வந்தீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

தானும் வருகிறாளாம். வீடியோ எடுக்கப் போகிறாளாம்.

2 ஏப்ரல், புதன்

சான்ட்ரிங்ஹாம் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன், எதிரே அவன். மனைவி வித்தியாவும் கூட. தலை நரைத்திருக்கிறது. என்னைக் கண்டு ஒரு கணம் நின்றான். பிறகு தலையாட்டி, "சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். புன்னகைத்தேன் கூட. எனக்கு இப்படி ஒரு முகம் இருப்பது எனக்கே தெரியாது.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பணம் கொடுக்கிற வரிசைக்குப் போய்விட்டேன். பன்னிரண்டாம் திகதி நான் சொல்வதை நீ கேட்கலாம், யசீகரன்.

11 ஏப்ரல், வெள்ளி

ஆங்கிலத்தில் பதினேழு தடவை வாசித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. ஒரு சொல்லும் தடக்கவில்லை. அப்பா முன்னறையிலிருந்து, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார். வேலை விசயம் என்றேன்.

அப்பாவுக்கு இப்போது கண் நன்றாகக் குறைந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் வெண்படலம், இடது மோசம். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்து ஒன்பது மாதம். இன்னும் கூப்பிடவில்லை.

12 ஏப்ரல், சனி

நடந்ததை நடந்தபடி.

அறை நிறைய ஆட்கள். மேசைகளை எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் கோட் அணிந்து, ஒவ்வொருவராக அழைத்தான். முன்வரிசையில் வித்தியா, பக்கத்தில் அவர்களுடைய மகள். அவளும் இங்கேதான் ஜியோலொஜி படிக்கிறாளாம், முதலாம் வருடம். அது எனக்கு முன்னமே தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? மாட்டேன்.

நாலாவதாக என் பெயர். அவன் தாளைப் பார்த்து வாசித்துவிட்டு நிமிர்ந்தான். நான் நடந்து வருவதைக் கண்டபோது கையிலிருந்த தாள் ஒரு முறை தாழ்ந்தது. அவ்வளவுதான்.

நான் பேசினேன். நுணுக்குக்காட்டிக்குள் தெரிந்த நிறங்களிலிருந்து தொடங்கினேன், எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்டார்கள். ஆறு சனிக்கிழமை. குறிப்புப் புத்தகம். விசாரணை. பிறகு பெயர். "இந்த நிகழ்வுக்குத் தலைமை தாங்குகிறவர்" என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னேன், முழுப் பெயரை, இரண்டு தடவை.

ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அந்த அமைதிக்காகத்தான் இருபத்தைந்து வருடம் இருந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படி ஒரு சுகத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. பொய் எழுதவில்லை.

மறுப்பான் என்று நினைத்தேன். மறுப்புக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் ஒலிவாங்கியை வாங்கி, ராகவி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஐந்தாமவரை அழைக்கும்படி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். மகள் எழுந்து அவன் பின்னால் போகவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

படிக்கட்டில் எனக்காக நின்றான்.

"நான் செய்தது பிழை. அதுக்கு நான் எந்த நியாயமும் சொல்லேல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். நான் பிறகு போய் உண்மையைச் சொன்னனான்தானே. உமக்குக் கடிதம் வந்ததுதானே. நீர் ஏன் திரும்பி வரேல்லை?"

என்ன கடிதம் என்று கேட்டேன்.

"நவம்பர்லை. தடையை எடுத்திட்டம், வரச் சொல்லி. நீர் வர விருப்பமில்லை எண்டு பதில் போட்டிட்டீர் எண்டு சொன்னவை. எனக்கு ஒரு வருசம் பட்டம் தராமல் நிப்பாட்டி வைச்சவை. அது எனக்குக் காணாது, தெரியும். நேர வந்து உம்மட்டைச் சொல்ல எனக்குத் தைரியம் வரேல்லை. நீர் என்னை வெறுத்துத்தான் வரேல்லை எண்டு நினைச்சன்."

பொய் என்றேன். இன்னும் பொய் சொல்கிறாய் என்றேன். நீர் என்றுகூடச் சொல்லவில்லை, நீ என்றேன். பூங்கோதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

14 ஏப்ரல், திங்கள்

வருடப்பிறப்பு. கோயிலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பூங்கோதை எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. நகரத்தின் மறுகோடியில், தகனினியில் இருக்கிற பிரதாபனின் தமக்கைக்கே மூன்று பேர் அனுப்பினார்களாம். யசீகரன் தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைமையை விட்டுவிட்டான். கேட்டபோது நெஞ்சுக்குள் ஒரு பட்டாசு. பொங்கல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் என்ன கடிதம்?

தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான். வேறென்ன? என்னைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் கோப்பை நான் கேட்டு வாங்கலாமாம், சட்டம் இருக்கிறதாம். மாலையே விண்ணப்பம் போட்டேன். அந்தப் பொய்யையும் பிடித்துவிட்டால் முடிந்தது.

27 ஏப்ரல், ஞாயிறு

அப்பாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினார் பிரதாபன். கண் தெரியாது, குரலைத்தான் கேட்டார். மகளின் வீரத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவார் என்று நினைத்தார் போல.

அப்பா முடியும்வரை இருந்துவிட்டு வானொலியைப் போடச் சொன்னார்.

13 மே, செவ்வாய்

கோப்பு வந்தது. இருபத்திரண்டு பக்கம்.

பத்தொன்பதாம் பக்கம்: 2000 நவம்பர் 14. எங்கள் பழைய வாடகை வீட்டு முகவரிக்கு. சக மாணவர் தன் தவறை ஏற்றுக்கொண்டதால் என் மீதான முடிவு நீக்கப்படுகிறது. நடந்ததற்கு வருந்துகிறோம். வந்து சந்திக்கவும்.

இருபதாம் பக்கம்: பதில். நவம்பர் 21. கையால் எழுதியது. குடும்பக் காரணங்களால் படிப்பைத் தொடர எனக்கு விருப்பமில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேனாம். கீழே என் பெயர்.

என் எழுத்தல்ல. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் ஒரு வால். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக முப்பது வருடம் கோப்பு எழுதிய கை. என் பள்ளிக்கூட லீவுக் கடிதம் எல்லாம் எழுதிய கை.

அப்பா.

13 மே, மறுபடி

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்தினேன்.

எனக்குத் தடை இல்லை. ஒரு மாதம், ஒரு மாதத்துக்குள்ளை எல்லாம் சரி வந்திட்டுது. என்னைக் கூப்பிட்டிருக்கினம். நான் அந்த நவம்பர் முழுக்கக் கட்டிலிலை சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தன். அவர் அடுத்த அறையிலை இருந்து எனக்காக எழுதியிருக்கிறார். பிறகு வந்து, பிள்ளை சாப்பிடம்மா எண்டு கேட்டவர். நான் சாப்பிட்டன்.

14 மே, புதன்

யசீகரனுக்குச் செய்தி அனுப்பினேன்: கடிதம் வந்திருக்கிறது, எனக்குத் தரப்படவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில்: "விளங்குது. நான் நேர வந்து சொல்லியிருக்க வேணும். அது என்ரை பிழைதான்."

அவன் செய்தது செய்ததுதான். ஆனால் இருபத்தைந்து வருடம் அவன் செய்தது அல்ல. அவனுக்கு என்று சேர்த்து வைத்த கோபத்தில் ஒரு மாதத்து அளவுதான் அவனுடையது. மற்றதெல்லாம் என் வீட்டில், என் மேசையில், நான் குழைத்துக் கொடுக்கும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பிரதாபனிடம் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். எண்பத்தொரு வயது மனுசனை இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்.

அதுதான் தெரியவில்லை. கேட்டால் அழுவார். அழுதால் நான்தான் தேற்ற வேண்டும். அந்தச் சுகத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

22 மே, வியாழன்

தபாலில் அப்பாவுக்கு ஒரு கடிதம், கண் சிகிச்சைப் பிரிவிலிருந்து. ஜூன் 11ஆம் திகதி இடது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. இந்த மாதம் 30ஆம் திகதிக்குள் தொலைபேசியில் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். கைப்பையின் உள் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தேன்.

உள்ளே போனபோது அப்பா கேட்டார், ஏதும் வந்ததோ என்று. விளம்பரத் தாள் என்றேன்.

23 மே, வெள்ளி

எவ்வளவு சுலபம்.

26 மே, திங்கள்

வேலையில் பையைத் திறக்கும்போதெல்லாம் கடிதத்தின் ஓரம் தெரிகிறது. கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. அவரும் இப்படித்தான் ஒரு வாரம் வைத்திருந்திருப்பார், 14ஆம் திகதியிலிருந்து 21ஆம் திகதிவரை. அந்த ஒரு வாரம் எங்கே வைத்திருந்தார்? கோட்டுப் பைக்குள்ளா? சாமிப்படத்துக்குப் பின்னாலா?

நான் வேறு மாதிரி என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்குக் காரணம் இருக்கிறது. அவருக்கும் ஏதோ இருந்திருக்கும்.

30 மே, வெள்ளி

நாலரை மணிக்கு அவர்களுடைய தொலைபேசி மூடும். நாலு மணிக்குக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தேன். பூங்கோதை, என்னக்கா அது என்று எட்டிப் பார்த்தாள். மடித்துவிட்டேன். நாலு இருபது. நாலு இருபத்தைந்து. ஒரு தட்டு இரத்தக் குழாய்க்குப் பெயர் ஒட்டினேன், ஒன்றுகூடப் பிழைக்காமல்.

நாலரை.

3 ஜூன், செவ்வாய்

அப்பா காலையில் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். இரத்தம் இல்லை, வீக்கம்தான். ஐஸ் வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிக் கெதியாக் கூப்பிடுவினம், என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

கழிவறைக்குப் போய்த் தொலைபேசி எடுத்தேன். மன்னிக்கவும், அந்த இடம் வெள்ளிக்கிழமையே போய்விட்டது என்றார்கள். அடுத்தது ஒக்டோபரில்.

8 ஜூன், ஞாயிறு

பிரதாபன் கடைக்குப் போயிருந்தார். அப்பாவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வானொலியை நிறுத்தினேன்.

இருபதாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். அவரால் வாசிக்க முடியாது. நான் வாசித்தேன், ஆங்கிலத்தில், அவர் எழுதியபடியே. முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முடியும்வரை தாளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பா?"

அழவில்லை அவர். "அந்தப் பெடியனையும் உன்னையும் சேத்துக் கோயிலடியிலை கதைச்சவை. அவன் உனக்காகத்தான் போய் ஒப்புக்கொண்டவன் எண்டு நினைச்சன். நீ திரும்பப் போனா அவனோடை போயிடுவாய் எண்டு பயந்திட்டன். பிறகு சொல்லுவம் சொல்லுவம் எண்டு… பிறகு சொல்ல ஏலாமல் போச்சுது."

அவனோடு. அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் கிழித்துப் போட்ட அவனோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்கவும் கை வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

பையைத் திறந்து மற்றக் கடிதத்தையும் அவர் மடியில் வைத்தேன்.

"இது உங்கடை கண் ஒப்பரேசன் கடிதம். போன மாதம் வந்தது. நான்தான் ஒளிச்சு வைச்சனான். இடம் போயிட்டுது. இனி ஒக்டோபர்தான்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. ஆனால் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைச் சரிபண்ணினார், கச்சேரியில் பண்ணுவதுபோல.

"நீயெண்டாலும் சொன்னாய்" என்றார்.

21 ஜூன், சனி

சிவப்புக் கட்டடம் இடிபடுகிறதாம். பூங்கோதை பார்க்கப் போகலாமா என்று கேட்டாள். எனக்குப் போகத் தோன்றவில்லை. யசீகரனின் மகள் வேறு பாடத்துக்கு மாறிவிட்டாளாம், அதையும் பூங்கோதைதான் சொன்னாள். சந்தோசப்படப் பார்த்தேன். வரவில்லை.

நான் இன்னும் அப்பாவை மன்னிக்கவில்லை. சோறு போடுகிறேன், கண்ணுக்கு மருந்து விடுகிறேன். ஒக்டோபர் ஏழாம் திகதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தபால்காரர் போனதும் அப்பா முன்னறையிலிருந்து கேட்டார், கடிதம் ஏதும் வந்ததோ என்று. இல்லையப்பா என்றேன்.

உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு வந்தார்.